சிவப்பு வெளிச்சம் பட்டால் ஸ்டெம் செல் வளருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்கு வயது 58, முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார்கள். இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார். டவுனில் ஒரு சிகிச்சை மையத்தில், சிவப்பு லைட் வைத்தால் மூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்கள் முழித்துக்கொண்டு பெருகும், ஜவ்வு திரும்ப முளைக்கும் என்று சொல்லி, இருபது சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கேட்கிறார்கள். நம்பிக்கைக்கு ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரையின் படத்தையும் போனில் காட்டியிருக்கிறார்கள். "இது உண்மையா, பொய்யா, விவரம் தெரிந்த அண்ணாச்சி யாராவது சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் ஸ்டெம் செல் வளருமா என்பது ஒன்று. அம்மாவின் முழங்காலில் ஜவ்வு முளைக்குமா என்பது மற்றொன்று. முதலாவதுக்கு என் பதில், ஆமாம், ஆய்வகத் தட்டில், சரியான அளவில், பல சமயம் வளர்கிறது. இரண்டாவதுக்கு, அப்படி முளைக்கிறது என்று சொல்ல இன்றைக்குச் சான்று இல்லை. அந்த மையத்துக்காரர் முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு வைத்துவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. ஆறு வருடம் ஓர் ஆய்வகத்தில் ஸ்டெம் செல் வளர்க்கிற வேலை பார்த்தேன். அதில் இரண்டு வருடம் இதே வெளிச்ச வேலைதான். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே செல்லைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். உங்கள் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேச வேண்டியவர் அதைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்று எழுதுவார்கள். பொருத்தமான பெயர். பனையின் உச்சியில் குருத்து இருக்கிறவரை புது ஓலை வந்துகொண்டிருக்கும் இல்லையா, அதுபோல உடம்பில் ஆங்காங்கே, இன்னும் இன்னதாக ஆகவேண்டும் என்று முடிவாகாத செல்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, பல்லின் உள்கூழ், மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு, இங்கெல்லாம் கிடைப்பவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர். ஆய்வகத்தில் தூண்டினால் எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறும். நீங்கள் ஜவ்வு என்று சொல்வது இந்தக் குருத்தெலும்பைத்தான். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 1991-ல் இந்தப் பெயரைப் பரவலாக்கிய ஆர்னால்ட் காப்லானே 2017-ல், பெயரை மாற்றுங்கள், உடம்புக்குள் இவை புதுத் திசுவாக மாறுவதைவிட மற்ற செல்களுக்குச் சேதி அனுப்பும் வேலையைத்தான் அதிகம் செய்கின்றன என்று எழுதினார். ஜவ்வு முளைக்கும் என்று சொல்கிறவர்கள் இதை ஒருநாளும் சொல்ல மாட்டார்கள்.

வெளிச்சத்தின் கதைக்கு வருவோம். 1960-ல் தியோடர் மைமன் முதல் லேசரைச் செய்துகாட்டினார், ரூபி லேசர். சில வருடத்தில் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், எலிகளின் முதுகு மயிரை மழித்துவிட்டு அதே வகை லேசரை மிகக் குறைந்த சக்தியில் காட்டிப் பார்த்தார். புற்றுநோயை லேசர் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். வெளிச்சம் பட்ட எலிகளுக்கு மயிர் சீக்கிரம் வளர்ந்தது. 1967 வாக்கில் நடந்த இந்தத் தற்செயலில்தான் எல்லாம் தொடங்கியது. அதற்கும் முன்னால், தோலில் வரும் காசநோய்க்கு வெளிச்ச சிகிச்சை கொடுத்ததற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. ஆகவே வெளிச்சம் வைத்தியம் செய்யும் என்பது நேற்று முளைத்த புரளி கிடையாது. சூடு தெரியாத அளவுக்கு மெல்லிய சிவப்பு வெளிச்சமும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் காட்டும் இந்த முறைக்கு முன்பு குறைந்த அளவு லேசர் சிகிச்சை என்று பெயர். லேசருக்குப் பதில் சாதாரண எல்.இ.டி. விளக்கும் வந்துவிட்டதால் இப்போது ஃபோட்டோபயோமாடுலேஷன் என்கிறார்கள்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது? உங்கள் விரலை டார்ச் மேல் வைத்துப் பாருங்கள், விரல் சிவப்பாக ஒளிரும். ரத்தமும் சதையும் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பைக் கொஞ்சம் உள்ளே விடுகின்றன. கொரோனா சமயத்தில் எல்லா வீட்டிலும் இருந்த ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் வேலை செய்வதும் இப்படித்தான், 660 நானோமீட்டர் சிவப்பும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் விரலைத் துளைத்து மறுபக்கம் வருகின்றன (நானோமீட்டர் கணக்கு வெளிச்சத்தின் அலைநீளம், அதாவது எந்த நிறம் என்பதைச் சொல்வது). உள்ளே போன வெளிச்சத்தை, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி வாங்கிக்கொள்கிறது, அதனால் செல்லின் சக்தியான ஏ.டி.பி. கூடுகிறது, கொஞ்சம் ஆக்சிஜன் தீப்பொறிகளும் (சட்டென்று வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்) கிளம்பி மரபணுக்களைத் தட்டி எழுப்புகின்றன என்பது ரஷ்யாவின் டீனா காரு முன்வைத்த விளக்கம். நானும் பல வருடம் பாடமாக ஒப்பித்த விளக்கம் இது. ஆனால் 2019-ல், அந்த நொதியே இல்லாதபடி செய்த செல்களுக்கும் 660 நானோமீட்டர் வெளிச்சம் காட்டினார்கள். அப்போதும் செல்கள் பெருகின. எனவே வெளிச்சம் செல்லைத் தொடுகிறது என்பது உறுதி, எந்தக் கதவு வழியாக உள்ளே நுழைகிறது என்பது சந்தேகம். அந்த மையத்துச் சுவரில் மைட்டோகாண்ட்ரியா படம் மாட்டியிருந்தால் அதை வேத வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டெம் செல்லில் பார்க்கப்பட்டவற்றைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹெய்டி ஆபிரஹாம்சே குழு, கொழுப்பிலிருந்து எடுத்த மனித ஸ்டெம் செல்களுக்குச் சுமார் 635 நானோமீட்டர் சிவப்பு லேசரைச் சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் வீதம் (ஜூல் என்பது சக்தியின் அளவு) காட்டி, செல்கள் நன்றாகப் பிழைப்பதையும் பெருகுவதையும் பதிவு செய்தது. எலும்பு மஜ்ஜை, பல் கூழ் செல்களிலும் இதே மாதிரி முடிவுகள் பல நாட்டு ஆய்வகங்களிலிருந்து வந்திருக்கின்றன. நிறத்தை மாற்றினால் கதையும் மாறுகிறது. நீலத்திலும் (420) பச்சையிலும் (540) வைத்த கொழுப்பு ஸ்டெம் செல்கள் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு எலும்புச் செல்லாக மாறும் பக்கம் சாய்ந்தன. சிவப்பும் அகச்சிவப்பும் பெருக வைத்தன. இதில் கவனிக்க வேண்டியது, பெருகுவது ஒரு வேலை, ஜவ்வாகவோ எலும்பாகவோ மாறுவது வேறு வேலை. பெரும்பாலும் ஒன்று நடக்கும்போது மற்றது காத்திருக்கும். நாற்றங்காலில் நாற்று அடர்த்தியாக நிற்பதைக் காட்டி, பிசான அறுவடைக்கு இத்தனை கோட்டை நெல் வீடு வந்துவிட்டது என்று யாரும் கணக்கு எழுதுவதில்லையே.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் பாதிச் சண்டை இதனால்தான். நம் பக்கத்தில் பதநீர் இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். குறைந்தால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கூடினால் குடிக்கிறவன் நாக்கு வெந்துவிடும். வெளிச்சமும் அப்படி. குறைவாகக் காட்டினால் ஒன்றும் நடக்காது, ஓர் அளவில் செல் பெருகும், அதைத் தாண்டினால் பெருகுவது நிற்கும், இன்னும் தாண்டினால் சாகும். தட்டில் இருக்கும் செல்லுக்குப் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்குச் சில ஜூலே போதும். இந்தக் கணக்கு எளிதுதான். விளக்கின் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் என்றால், ஒரு நிமிடம் காட்டினால் 3 ஜூல், பத்து நிமிடம் காட்டினால் 30 ஜூல். ஆகவே, இன்னும் கொஞ்ச நேரம் கூட வைக்கிறோம் அம்மா, நல்லதுதான் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இந்த அடிப்படை தெரியவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒரே அளவு ஜூலைப் பலமான விளக்கில் சட்டென்று கொடுப்பதும் மெல்லிய விளக்கில் நிதானமாகக் கொடுப்பதும்கூட ஒரே பலனைத் தருவதில்லை.

இனி நான் கையால் தொட்ட விஷயம். எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்த்தது 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில். குழி ஒவ்வொன்றும் பட்டாணி அகலம். அதில் இளஞ்சிவப்பு வளர்ப்பு நீர், 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டு நீளவாக்கில் கிடக்கும், வீரவநல்லூர்த் தறியில் ஓடுகிற நாடா மாதிரி இரண்டு முனையும் கூர்த்து. ஒரு தட்டுக்குச் சிவப்பு வெளிச்சம் காட்டினேன், மற்றதுக்குக் காட்டவில்லை. மறுநாள் ஒரு மஞ்சள் கரைசலை ஊற்றினேன். உயிருள்ள செல் அதைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் என்று கணக்கு. வெளிச்சம் பட்ட தட்டு நன்றாகக் கறுத்துப்போய் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், அன்று சாயங்காலம் நண்பர்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

மூத்தவர் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, "எண்ணிப் பார்த்தியாடே?" என்று மட்டும் கேட்டார். நிறம் மாற்றும் அந்த வேலையைச் செய்வதில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்கு. நான் காட்டிய வெளிச்சமும் அதே மைட்டோகாண்ட்ரியாவைக் கிளப்பிவிட்டிருக்கலாம். அப்படியென்றால் செல்லின் எண்ணிக்கை கூடாமலேயே நிறம் கூடலாம். ஒரு வீட்டில் அடுப்புப் புகை அதிகம் வருவதை வைத்து ஆள் அதிகம் என்று சொன்ன மாதிரி, பொங்கலாகக்கூட இருக்கலாமே. மறுபடி செய்தேன். செல்லைத் தட்டிலிருந்து பெயர்த்தெடுத்து, நீலச் சாயம் கலந்து, கோடு போட்ட கண்ணாடித் தட்டில் கட்டம் கட்டமாகக் கண்ணால் எண்ணினேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் நிறம் காட்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. அப்புறம் இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. வெளிச்சம் காட்டாத தட்டு சூடான பெட்டிக்குள்ளேயே இருந்தது, காட்டிய தட்டு மட்டும் வெளியே மேசைக்கு வந்து போனது. இரண்டையும் வெளியே எடுத்து, ஒன்றின்மேல் அணைந்த விளக்கை வைத்திருக்க வேண்டும். விளக்கின் சூட்டையும் அளந்திருக்க வேண்டும். குழிக்குக் குழி வெளிச்சம் சிதறாமல் கறுப்புத் தட்டு வாங்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் சரி செய்து முடிக்கவே ஒரு வருடம் போனது. அச்சில் வந்த எல்லாக் கட்டுரையும் இந்த ஜாக்கிரதையோடு வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே செல்லில் ஒருவருக்குப் பெருகுகிறது, இன்னொருவருக்குப் பெருகவில்லை. மொத்தத்தில் பார்த்தால் விளைவு இருக்கிறது என்றுதான் நானும் நம்புகிறேன். பட்டினியிலும் அழுத்தத்திலும் இருக்கும் செல்லுக்கு அதிகமாகவும், சௌகரியமாக இருக்கும் செல்லுக்குக் குறைவாகவும் தெரிகிறது.

தட்டிலிருந்து முழங்காலுக்குப் போவோம். தட்டில் செல்லுக்கும் விளக்குக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் நீர். முழங்காலில் தோல், அதில் நிறமி, கொழுப்பு, ரத்தம், தசைநார், முன்பக்கம் முட்டிச் சில்லு என்கிற எலும்பு. சிவப்பின் பெரும்பகுதி முதல் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும், ஆனால் போகப்போக அதுவும் மெலிந்துவிடும். நம் மாதிரிக் கறுத்த தோலில் மெலனின் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், வெள்ளைக்காரத் தோலுக்குப் போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது. அப்படியே கொஞ்சம் வெளிச்சம் மூட்டுக்குள் போனாலும், குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அதற்குள் செல்களும் மிகக் குறைவு. உடம்பில் லேசில் ஆறாத இடங்களில் அது ஒன்று. தேய்ந்த இடத்தில் புது ஜவ்வு வர, செல் பெருகி, இடம் தேடிப் போய் ஒட்டி, குருத்தெலும்பாக மாறி, நடக்கும்போது விழும் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு வலுப்பெற வேண்டும். இந்தப் படிகள் முழுவதையும் மனித முழங்காலில் வெளிச்சம் செய்துமுடித்ததாகக் காட்டிய நல்ல பரிசோதனை இல்லை.

விலங்குகளில் சில அழகான வேலைகள் உண்டு. 2014-ல் ஹார்வர்டில் பிரவீன் அரானி, டேவிட் மூனி குழு எலியின் பல்லில் துளை போட்டு, உள்கூழின்மேல் குறைந்த சக்தி லேசரைக் காட்டியது. மூன்று மாதத்தில் அங்கிருந்த ஸ்டெம் செல்கள் பல்லின் டென்டின் போன்ற பொருளை உண்டாக்கின. இடையில் என்ன நடந்தது என்பதையும், ஆக்சிஜன் தீப்பொறி, அது எழுப்பிய டி.ஜி.எஃப். பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி என்று படிப்படியாகக் காட்டினார்கள். வெளிச்சம் ஸ்டெம் செல்லை உடம்புக்குள்ளேயே வேலை வாங்க முடியும் என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் முதல் உதாரணம் இதுதான். டெல் அவிவில் யூரி ஓரான் குழு, மாரடைப்பு உண்டாக்கிய எலிகளின் கால் எலும்பு மஜ்ஜைக்கு லேசர் காட்டியபோது இதயத்தின் காயம் சிறிதானது. படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் எலியின் கால் எலும்பு எவ்வளவு கனம், நம் எலும்பு எவ்வளவு கனம் என்று பாருங்கள். எலியில் ஜெயித்தது மனிதரில் தோற்ற கதை இதே துறையில் நடந்திருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தலையில் 808 நானோமீட்டர் லேசர் காட்டும் நெஸ்ட் பரிசோதனைகள் மூன்று நடந்தன. முதலாவது, 2007-ல், நம்பிக்கை தந்தது. இரண்டாவது தெளிவான பலன் காட்டவில்லை. மூன்றாவதை, பலன் வரும் வாய்ப்பே இல்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மனிதர்களில் உறுதியாகச் சொல்லக்கூடிய இடமும் ஒன்று இருக்கிறது. கீமோ, கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் வெந்து புண்ணாகிவிடும், கஞ்சிகூட இறங்காது. முன்கூட்டியே வாய்க்குள் இந்த வெளிச்சத்தைக் காட்டினால் புண் குறைகிறது. குறிப்பாக எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இதைச் செய்யலாம் என்று சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. வாயின் உள்தோல் மெல்லியது, வெளிச்சம் நேராகப் படும், அளவும் தெரியும். அதனால் சரியாக வருகிறது.

மூட்டு வலிக்கு? இங்கே எனக்கே இரண்டு மனது. 2019-ல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வந்த, பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, முழங்கால் தேய்மானத்தில் போலி வெளிச்சத்தோடு ஒப்பிட்டபோது, சரியான அளவு கொடுத்த இடங்களில் வலி குறைந்தது என்று சொன்னது. சரியான அளவு என்று அவர்கள் சொல்வது 785 முதல் 860 நானோமீட்டர் லேசருக்கு ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல், 904 நானோமீட்டருக்கு 1 முதல் 3 ஜூல். இந்த அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் போலி வெளிச்சத்தோடு ஒப்பிட்டுச் சோதிப்பது சுலபம், விளக்கு எரிகிறதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 2022-ல் வந்த, பிரிட்டனில் எந்தச் சிகிச்சை தரலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், சான்று போதவில்லை என்று சொல்லி, மூட்டுத் தேய்மானத்துக்கு லேசர் சிகிச்சை தர வேண்டாம் என்றது. இரண்டையும் படித்த பிறகு என் நினைப்பு, சிலருக்குச் சில வாரம் வலி குறையலாம் என்பது வரைக்கும்தான். அதுவும் வலியைப் பற்றிய பேச்சு. வீக்கமும் நரம்பின் கூச்சமும் தணிவதால் வலி குறையலாம், அதற்கு ஸ்டெம் செல் எதுவும் பெருகத் தேவையில்லை. பத்து சிட்டிங்கில் அம்மாவுக்கு வலி குறைந்து, பார்த்தீர்களா ஜவ்வு வளர்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்னால், அந்த ஜவ்வுப் பேச்சு காதில் விழாத மாதிரி வந்துவிடுங்கள்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.-வின் அங்கீகாரம் பெற்றது என்ற பேனரும் அந்த மையத்தில் இருக்கலாம். முடி வளர்க்கும் லேசர் சீப்பு ஒன்றுக்கு 2007-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. அது ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கருவிகளுக்கு இணையானது, விற்கலாம் என்கிற வகை அனுமதி. புது மருந்துக்குக் கேட்கும் கடுமையான சோதனை வேறு. ஒரு விளக்குக்கு அப்படி அனுமதி இருந்தால் அதை வைத்து ஜவ்வு முளைக்கும் என்று சொல்ல அனுமதி வந்துவிடாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த படி என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. லைட்டோடு சேர்த்து ஸ்டெம் செல் ஊசியும் போட்டால் பலன் இரட்டிப்பு, பேக்கேஜாகத் தருகிறோம் என்பார்கள். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகள் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் பதிவு செய்த ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தொழிற்சாலையில் தயாரித்த செல் மருந்துக்கு அனுமதி தந்திருக்கிறது, 2022-ல் முழங்கால் தேய்மானத்துக்கும் தந்தது. அது டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மருந்து. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அங்கேயே லைட் காட்டி, அங்கேயே ஊசியில் ஏற்றுவது அதில் சேராது. ஆய்வு என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள், யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே கட்டணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபத்து பெரிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், பயமுறுத்துவது என் நோக்கமில்லை. சரியான அளவில் முழங்காலுக்குக் காட்டினால் தோல் வேகாது. இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். லேசர் என்றால் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால் கண் சுருங்கித் தன்னைக் காத்துக்கொள்ளாது. அப்புறம், புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில், அல்லது கட்டியோ என்று சந்தேகம் உள்ள இடத்தில் காட்டக் கூடாது. நல்ல செல்லைப் பெருக வைக்கும் வெளிச்சம் கெட்ட செல்லைப் பார்த்து ஒதுங்கிப்போகும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இடையில் ஒரு கணக்கு. நம் ஊர் உச்சி வெயிலின் சக்தி சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 மில்லிவாட். அதில் 600 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். அப்படிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் 3, 4 ஜூல் சிவப்பு வெளிச்சம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அதனால் மூட்டைக் காட்டிக்கொண்டு வெயிலில் உட்காரச் சொல்லவில்லை, புற ஊதாவும் சூடும் சேர்ந்து வரும். வெறும் சிவப்பு வெளிச்சம் பட்டதுமே ஜவ்வு முளைக்கும் என்றால் களை பறிக்கிற பெண்களுக்கு மூட்டு வலியே வரக் கூடாதே என்று எனக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான்.

இருபது சிட்டிங்குக்கான பணத்துக்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும், என் பெரியம்மா ஆலங்குளத்தில் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, காலை மடக்கி, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஒரே இருப்பு. அந்த மடக்குதான் முதலில் மாற வேண்டியது. பெரியம்மாவுக்கு நாங்கள் செய்தது, உயரமான கட்டிலில் உட்கார வைத்து, தட்டை ஒரு ஸ்டூலில் வைத்தோம். முதல் வாரம் கை ஓடவில்லை என்று திட்டினார்கள், அப்புறம் பழகிவிட்டது. தொடையின் முன்தசைக்குப் பயிற்சி முழங்கால் தேய்மானத்தில் பலன் தரும் என்பதில் எந்த வழிகாட்டுதலுக்கும் சந்தேகம் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்தி விடுவது ஆரம்பத்துக்குப் போதும். பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் ஏற்பாடும் உண்டு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே மூட்டுக்குத் தெரியும்.

இதையெல்லாம் செய்துகொண்டே, வலிக்காக மட்டும் சில சிட்டிங் லைட் வைத்துப் பார்க்கிறோம் என்றால் நான் தடுக்க மாட்டேன். இருபதுக்கும் முன்பணம் கட்டாதீர்கள், ஐந்தாறுக்குக் கொடுத்துப் பாருங்கள். போகும்போது அந்தக் கருவி எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், முனையின் பரப்பு எவ்வளவு, ஒரு புள்ளியில் எத்தனை வினாடி வைக்கிறார்கள் என்று கேளுங்கள். 100 மில்லிவாட் முனையை ஒரு புள்ளியில் 40 வினாடி வைத்தால் 4 ஜூல், இந்த மாதிரி ஒரு பதில் வர வேண்டும். 300 வாட் பேனல் சார், ரொம்பப் பவர்ஃபுல் என்று மட்டும் சொன்னால் அது பதில் ஆகாது. பதில் வராவிட்டால் கருவியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.